‘கேட்’ நிற்கவே மாட்டேன் என்கிறது! – கெர்னல் கேள்வி பதில்

லினக்ஸில் கேரக்டர் டிவைஸுக்கு (பைட் வரிசையாகப் படித்து எழுதும் சாதனம்) மாட்யூல் (கெர்னல் எனும் இயக்குதள மையத்தில் ஏற்றும் துணை நிரல்) எழுதத் தொடங்கியிருப்பவர்களின் கேள்விகள் இம்முறை. ஆளுக்கொரு பெயரில் வந்த டிரைவர்களுக்கெல்லாம் குழப்பம் வேண்டாமென்று ‘பெட்டி’ என்று ஒரே பெயர் வைத்துவிட்டோம். எழுதுவது பெட்டி.சி, கம்பைல் செய்து கிடைப்பது பெட்டி.கேஓ, ஏற்றியதும் தோன்றுவது /டெவ்/பெட்டி.

கேள்வி: ரீட் ஃபங்ஷனில் ‘வணக்கம்’ என்ற சரத்தை, பயனர் நிரலுக்கு நகலெடுக்கும் காப்பி_டு_யூசர் மூலம் அனுப்பிவிட்டு அதன் நீளத்தைத் திருப்புகிறேன். ஆனால் ஃபைலில் உள்ளதைத் திரையில் காட்டும் கேட் (cat) கட்டளையை ‘கேட் /டெவ்/பெட்டி’ என்று அடித்தால் வணக்கம் வணக்கம் என்று திரை ஓடிக்கொண்டே இருக்கிறது. கன்ட்ரோல்-சி அழுத்தினால்தான் நிற்கிறது. எங்கே தவறு?

பதில்: கேட் மீது தவறில்லை. ரீட் அழைப்பு 0 என்று திருப்பும்வரை அது கேட்டுக்கொண்டே இருக்கும். ‘தீர்ந்தது’ என்பதற்கு அந்த 0 தவிர வேறு அடையாளம் கிடையாது. நீங்கள் ஒவ்வொரு முறையும் 21 என்று திருப்புகிறீர்கள். (ஏன் 21 என்றால், யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், புள்ளியையும் தனியாக எண்ணினால் ‘வணக்கம்’ என்பதில் 7 குறியீடுகள்.) இன்னும் இருக்கிறது என்று நீங்கள் சொல்லச் சொல்ல அது வாங்கிக்கொண்டே இருக்கிறது.

ரீட் ஃபங்ஷனுக்கு நான்கு அளபுருக்கள் வருகின்றன: ஃபைல் சுட்டி, பயனர் பஃபர், அவர் கேட்கும் பைட் எண்ணிக்கை, கடைசியாக இடம் காட்டும் சுட்டியான பிபாஸ். பலரும் இந்த நான்காவதைத் தொடுவதே இல்லை. செய்ய வேண்டியது இந்த வரிசையில்: பிபாஸ் காட்டும் இடம் தரவின் நீளத்தை எட்டிவிட்டால் 0 திருப்புங்கள். எட்டவில்லை என்றால், கேட்ட எண்ணிக்கை மீதமுள்ளதைவிட அதிகமா என்று பார்த்து, அதிகமானால் மீதத்துக்குக் குறையுங்கள். தரவின் தொடக்கத்திலிருந்து அல்ல, பிபாஸ் காட்டும் இடத்திலிருந்து நகலெடுங்கள். நகலெடுத்த அளவை பிபாஸில் கூட்டி, அதே அளவைத் திருப்புங்கள். இவ்வளவையும் சிம்பிள்_ரீட்_ஃப்ரம்_பஃபர் என்ற ஒரே உதவி ஃபங்ஷன் செய்துவிடும். தரவு ஏற்கெனவே நினைவகத்தில் தயாராக இருக்கும் டிரைவருக்கு அதுவே போதும்.

இரண்டு எச்சரிக்கைகள். காப்பி_டு_யூசர் பிழை எண்ணைத் திருப்பாது. நகலெடுக்க முடியாமல் விட்டுப்போன பைட் எண்ணிக்கையைத்தான் திருப்பும். அதை அப்படியே ‘ரிட்டர்ன்’ செய்தால், பிழை நேர்ந்த சமயத்தில் ‘இத்தனை பைட் கொடுத்தேன்’ என்று பொய் சொன்னதாகிவிடும். பூஜ்யமல்லாத எது வந்தாலும் மைனஸ் ஈஃபால்ட் (14) திருப்புவதே முறை. இரண்டாவது, ‘ஒரு முறை கொடுத்தாயிற்று’ என்று ஒரு ஸ்டேட்டிக் மாறியில் கொடி வைத்து முடிவைக் காட்டும் குறுக்குவழி. ஒருவர் மட்டும் படிக்கும்போது அது வேலை செய்வது போலத் தெரியும். இரண்டு டெர்மினலில் ஒரே நேரத்தில் படித்துப் பாருங்கள்: ஒருவருக்கு வர வேண்டிய முடிவு இன்னொருவருக்குப் போய்ச் சேரும். பிபாஸ் என்பது திறந்த ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனி. அது இருப்பதே இதற்காகத்தான்.

சோதிக்க கேட் போதாது. அது ஒரே வாயில் 1,31,072 பைட்டோ அதற்கு மேலோ கேட்கும், ஆகவே உங்கள் 21 பைட் முதல் அழைப்பிலேயே போய்விடும். பிபாஸ் கணக்கில் உள்ள பிழை வெளியே தெரியாது. ‘டிடி’ கட்டளையில் பிஎஸ்=1 (ஒரு ரீட்டுக்கு எத்தனை பைட் என்பதே பிஎஸ்) என்று ஒரு முறை, பிஎஸ்=4 என்று ஒரு முறை படியுங்கள். 4 பைட்டில் எழுத்து நடுவில் வெட்டுப்படும். அதைப் பற்றி டிரைவர் கவலைப்பட வேண்டியதில்லை, அதற்குத் தெரிந்தது பைட் மட்டுமே. மொத்தமாகச் சேர்த்துப் பார்க்கையில் 21 பைட் சரியாக வர வேண்டும். நிரலின் கெர்னல் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியின் கீழ் ஓட்டினால் ஒவ்வொரு ரீட் என்ன திருப்பியது என்பது வரிவரியாகத் தெரியும். கடைசி வரியில் 0 இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ரைட் ஃபங்ஷனில் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று ‘ரிட்டர்ன் 0’ வைத்தேன். எக்கோ கட்டளை தொங்கிவிட்டது, சிபியு 100 சதவீதம் ஓடுகிறது.

பதில்: முந்தைய கேள்வியின் மறுபக்கம். ரைட் 0 திருப்பினால் ‘ஒரு பைட்டும் எடுத்துக்கொள்ளவில்லை’ என்று பொருள். சி நூலகம் மீதியை எழுத மறுபடி அழைக்கும், மறுபடியும் 0, மறுபடியும் அழைப்பு. தரவைக் குப்பையில் போடுவதாக இருந்தாலும் வந்த எண்ணிக்கையைத் திருப்புங்கள். இடம் இல்லையென்றால் மைனஸ் ஈநோஸ்பிசி (28). வரும் தரவின் முடிவில் பூஜ்ய பைட் இருக்கும் என்றும் நம்பாதீர்கள். எக்கோ சேர்ப்பது வரிமுடிவு ஒன்றுதான். 21 பைட் சொல் 22 ஆக வந்து சேரும். அதை சரமாகப் பயன்படுத்துவதானால் பஃபரில் ஒரு பைட் கூடுதலாக ஒதுக்கி, பூஜ்யத்தை நீங்களே வையுங்கள்.

கேள்வி: ‘சூடோ எக்கோ 1 > /டெவ்/பெட்டி’ என்று கொடுத்தும் ‘பெர்மிஷன் டினைட்’ வருகிறது. ரூட் அதிகாரம் தரும் சூடோ போட்டும் ஏன்?

பதில்: சூடோ எக்கோவுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. ‘>’ குறிக்குப் பின்னால் உள்ள ஃபைலைத் திறப்பது உங்கள் ஷெல், அது சாதாரணப் பயனராகவே ஓடுகிறது. ‘எக்கோ 1 | சூடோ டீ /டெவ்/பெட்டி’ என்று கொடுங்கள்.

இதையொட்டி ஒரு குழி இருக்கிறது, விழாதவர் குறைவு. மாட்யூலை ஏற்ற மறந்துவிட்டு, ரூட் ஷெல்லில் நின்றபடி /டெவ்/பெட்டிக்குள் எக்கோ செய்தால் பிழையே வராது. அந்த இடத்தில் ஒரு சாதாரண ஃபைல் உருவாகி, எழுதியது அதற்குள் போய்விடும். பிறகு கேட் செய்தால் எழுதியது அப்படியே திரும்பி வரும். டிரைவர் பிரமாதமாக வேலை செய்கிறது என்று தோன்றும். சோதனைக்கு முன் ‘எல்எஸ் -எல்’ போட்டு முதல் எழுத்தைப் பாருங்கள். ‘சி’ என்றிருந்தால் கேரக்டர் டிவைஸ். வெறும் கோடு இருந்தால் அது போலி, அழித்துவிட்டு மாட்யூலை ஏற்றுங்கள்.

சூடோ இல்லாமலே பயன்படுத்த வேண்டுமானால் /ஈடிசி/யுடெவ்/ரூல்ஸ்.டி அடைவில் ஒரு விதி எழுதி, குழுவையும் 0660 அனுமதியையும் கொடுக்கலாம். 0666 என்று திறந்துவிடுவது சோதனை இயந்திரத்தோடு நிற்கட்டும்.

கேள்வி: நேற்று ஏறிய அதே பெட்டி.கேஓ இன்று ‘இன்வேலிட் மாட்யூல் ஃபார்மட்’ என்கிறது. ஒரு வரியும் மாற்றவில்லை.

பதில்: நீங்கள் மாற்றாவிட்டாலும் கெர்னல் மாறியிருக்கும். இரவில் அப்டேட் வந்து, காலையில் புதிய கெர்னலில் பூட் ஆகியிருக்கிறது. ‘மாட்இன்ஃபோ’ காட்டும் வெர்மேஜிக் வரியையும் (எந்தக் கெர்னலுக்காகக் கம்பைல் ஆனது என்பது) ‘யுநேம் -ஆர்’ தருவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வேறுபாடு தெரியும். மாட்யூலை ஏற்றும் இன்ஸ்மாட் சொல்லும் ஒரு வரிப் பிழையோடு நிற்காமல் கெர்னலின் பதிவைக் காட்டும் ‘டிமெசேஜ்’ கட்டளையின் கடைசி வரிகளைப் படிப்பது எப்போதும் நல்லது, உண்மைக் காரணம் அங்கேதான் இருக்கும்.

ஓடும் கெர்னலுக்கு உரிய ஹெடர் தொகுப்பை நிறுவி (டெபியன், உபுண்டுவில் லினக்ஸ்-ஹெடர்ஸ்; ஃபெடோராவில் கெர்னல்-டெவெல்), ‘மேக் கிளீன்’ செய்து, மறுபடி கம்பைல் செய்யுங்கள். மேக்ஃபைலில் பாதையை நேரடியாக எழுதாமல் /லிப்/மாட்யூல்ஸ் கீழ் ‘யுநேம் -ஆர்’ விடையைச் சேர்த்து, அதன் கீழுள்ள ‘பில்ட்’ அடைவைக் காட்டுங்கள். ‘மிஸ்ஸிங் செபரேட்டர்’ என்று மேக் கத்தினால், கட்டளை வரியின் தொடக்கத்தில் டேப் இருக்க வேண்டிய இடத்தில் இடைவெளிகள் இருக்கின்றன.

‘ஃபோர்ஸ்’ விருப்பம் போட்டு ஏற்றலாமே என்று இதே கேள்வியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பதிப்புக்குப் பதிப்பு கெர்னலின் ஸ்ட்ரக்ட் அமைப்புகள் மாறும். பழைய கணக்கில் 40-ஆவது பைட்டில் இருந்த சுட்டி புதியதில் 48-இல் இருக்கலாம். மாட்யூல் ஏறும், எழுதக் கூடாத இடத்தில் எழுதும்.

கேள்வி: ‘ரெக்வயர்டு கீ நாட் அவைலபிள்’ என்று வருகிறது.

பதில்: செக்யூர் பூட் இயங்குகிறது, கையொப்பமில்லாத மாட்யூலை கெர்னல் ஏற்க மறுக்கிறது. மெய்நிகர் கணினியில் சோதிக்கிறீர்கள் என்றால் அங்கே செக்யூர் பூட்டை அணைத்துவிடுவது சுருக்கமான வழி. நிஜக் கணினியில் அணைக்க மனமில்லையென்றால் ஓபன்எஸ்எஸ்எல் கொண்டு ஒரு சாவி ஜோடி உருவாக்கி, ‘மோக்யுடில்’ மூலம் பதிவுக்குக் கொடுத்து, அது கேட்கும் கடவுச்சொல்லை நினைவில் வைத்துக்கொண்டு ரீபூட் செய்யுங்கள். பூட் ஆகும்போது வரும் திரையில் அதே கடவுச்சொல்லைக் கொடுத்தால் சாவி சேர்ந்துவிடும். பிறகு கெர்னல் ஹெடரோடு வரும் ‘சைன்-ஃபைல்’ நிரலால் ஒவ்வொரு கம்பைலுக்குப் பிறகும் கையொப்பமிட வேண்டும். கையொப்பத்துக்குப் பிறகு ‘ஸ்ட்ரிப்’ செய்தால் கையொப்பம் போச்சு.

கேள்வி: ஏற்றும்போது ‘டெயின்ட்ஸ் கெர்னல்’ என்று எச்சரிக்கிறது. கெர்னலைக் கெடுத்துவிட்டேனா?

பதில்: இல்லை. வெளியே கம்பைல் செய்த மாட்யூல் என்பதற்கு 4096, கையொப்பமில்லை என்பதற்கு 8192; இரண்டும் சேர்ந்து /ப்ராக்/சிஸ்/கெர்னல்/டெயின்டட் ஃபைலில் 12288 என்று தெரியும். இது குறிப்பு மட்டுமே. ஆனால் மாட்யூல்_லைசென்ஸ் வரியைச் சரியாக எழுதுங்கள்: ஜிபிஎல் அல்லாத உரிமம் போட்டால் கிளாஸ்_கிரியேட், டிவைஸ்_கிரியேட் போன்ற ஜிபிஎல்-மட்டும் ஃபங்ஷன்கள் கிடைக்கா.

கேள்வி: ரெஜிஸ்டர்_சிஆர்டெவ், அலாக்_சிஆர்டெவ்_ரீஜன், மிஸ்க்_ரெஜிஸ்டர் என்று மூன்று வழிகளில் எடுத்துக்காட்டுகள் கிடைக்கின்றன. எதைப் பின்பற்றுவது?

பதில்: ஒரே ஒரு டிவைஸ் நோடு (/டெவ் கீழ் தோன்றும் ஃபைல்) போதுமானால் மிஸ்க்_ரெஜிஸ்டர், யோசிக்கவே வேண்டாம். டிரைவரைக் குறிக்கும் மேஜர் எண் 10 எல்லா மிஸ்க் டிவைஸுக்கும் பொது. அதன் கீழ் டிவைஸைக் குறிக்கும் மைனர் எண்ணை மிஸ்க்_டைனமிக்_மைனர் என்று விட்டால் கெர்னலே கொடுக்கும். நோடும் தானாகவே தோன்றும். ஒரு பதிவு, ஒரு நீக்கம், அவ்வளவுதான்.

ஒரே டிரைவருக்குக் கீழ் பல டிவைஸ்கள் வரும் என்றால் அலாக்_சிஆர்டெவ்_ரீஜன் வழி: எண் வாங்கு, சிடெவ்_இனிட், சிடெவ்_ஆட், கிளாஸ், டிவைஸ். இந்த வழியில் போகிறவர்கள் கவனிக்க: 6.4 பதிப்பிலிருந்து கிளாஸ்_கிரியேட்டின் முதல் அளபுரு, அதாவது திஸ்_மாட்யூல், நீக்கப்பட்டுவிட்டது. பழைய எடுத்துக்காட்டைப் பார்த்து எழுதினால் கம்பைலே ஆகாது. பிழை நேர்ந்தால் அது திருப்புவது நல் (NULL, எதையும் காட்டாத சுட்டி) அல்ல, பிழைச் சுட்டி; இஸ்_எர் கொண்டுதான் சோதிக்க வேண்டும். நல் சுட்டியா என்று மட்டும் பார்த்தால் பிழையும் வெற்றியாகத் தெரியும்.

ரெஜிஸ்டர்_சிஆர்டெவ் பழைய முறை. ஒரு மேஜரின் கீழ் 256 மைனர் எண்களையும் ஒரேயடியாக வளைத்துப்போடும். புதிதாக எழுதுவோருக்குத் தேவையில்லை.

கேள்வி: இனிட் ஃபங்ஷன் பாதியில் தோற்றது. பிழையைத் திருத்தி மறுபடி ஏற்றினால் ‘கேனாட் கிரியேட் டூப்ளிகேட் ஃபைல்நேம்’ என்று டிமெசேஜில் நீண்ட பட்டியல் வருகிறது. எக்ஸிட் ஃபங்ஷனில் எல்லாவற்றையும் நீக்கத்தானே செய்கிறேன்?

பதில்: இனிட் பிழை எண்ணைத் திருப்பினால் எக்ஸிட் அழைக்கப்படவே மாட்டாது. மாட்யூல் நினைவகத்திலிருந்து போய்விடும், அது பதிந்த கிளாஸ் மட்டும் அனாதையாக நிற்கும். மறுபடி அதே பெயரில் பதியப் போனால் மோதல். சிடெவ்_ஆட் ஆன பிறகு தோற்றிருந்தால் இன்னும் மோசம்: நோடைத் திறப்பவர் இல்லாத நினைவகத்துக்குள் குதிப்பார். இப்போதைக்கு ரீபூட் ஒன்றே வழி.

கெர்னலில் ‘கோ டு’ (goto, லேபிளுக்குத் தாவுவது) என்ற கட்டளையை வெறுக்க வேண்டியதில்லை. இந்த வேலைக்கு அதுவே சரி. ஏறிய படிகளைத் தலைகீழ் வரிசையில் இறங்குவது போல இனிட்டின் அடியில் லேபிள்களை அடுக்குங்கள். டிவைஸ் தோற்றால் கிளாஸை நீக்கும் லேபிளுக்குப் போ, அது வழிந்து சிடெவ்_டெல், பிறகு எண்ணைத் திருப்பிக் கொடுப்பது. சிடெவ்_ஆட் முடிந்த அந்த நொடியே யாரும் திறக்கலாம் என்பதால் பஃபர், லாக் எல்லாம் அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். ஒவ்வொரு படியும் தோற்றால் என்ன ஆகும் என்று பார்க்க, அந்த இடத்தில் வேண்டுமென்றே மைனஸ் ஈநோமெம் திருப்பி ஏற்றிப் பாருங்கள். ஐந்து படிக்கு ஐந்து சோதனை, பத்து நிமிட வேலை.

கேள்வி: மாட்யூலை இறக்கும் ஆர்எம்மாட் ‘மாட்யூல் இஸ் இன் யூஸ்’ என்கிறது. யார் பிடித்திருக்கிறார்கள்?

பதில்: ‘ஃபியூசர் -வி /டெவ்/பெட்டி’ சொல்லும். பெரும்பாலும் இன்னொரு டெர்மினலில் மறந்துபோன கேட். எரிச்சலாக இருந்தாலும் இந்த மறுப்பு உங்கள் நன்மைக்கு; ஃபைல்_ஆபரேஷன்ஸில் ஓனர் = திஸ்_மாட்யூல் என்று எழுதியதால்தான் அது நடக்கிறது. அந்த வரி இல்லாவிட்டால் திறந்திருக்கும்போதே மாட்யூல் இறங்கும், பிறகு அந்த கேட் மூடும்போது கெர்னல் விழும்.

கேள்வி: தரவு வரும்வரை ரீட் காத்திருக்க வேண்டும். வெயிட்_ஈவென்ட் போட்டேன். இப்போது கன்ட்ரோல்-சியும் கில் -9-உம் வேலை செய்யவில்லை. சில சமயம் எழுதுபவரும் சேர்ந்து தொங்குகிறார்.

பதில்: இரண்டு தனிப் பிழைகள். வெயிட்_ஈவென்ட்டில் தூங்குபவரை சிக்னல் எழுப்பாது. ‘பிஎஸ்’ பட்டியலில் ‘டி’ நிலையில் கிடப்பார், 120 விநாடி கடந்தால் கெர்னலே பதிவேட்டில் புகார் எழுதும். வெயிட்_ஈவென்ட்_இன்டரப்டிபிள் பயன்படுத்தி, அது பூஜ்யமல்லாததைத் திருப்பினால் மைனஸ் ஈரீஸ்டார்ட்சிஸ் திருப்புங்கள்.

எழுதுபவர் தொங்குவது ஏனென்றால், நீங்கள் மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒருவரே பிடிக்கக்கூடிய பூட்டு) பிடித்துக்கொண்டே தூங்குகிறீர்கள். தரவைக் கொண்டுவருபவருக்கு அதே மியூடெக்ஸ் வேண்டும். அவர் வராமல் நீங்கள் எழுந்திருக்க மாட்டீர்கள். பூட்டைப் பிடி, பஃபர் காலியா பார், காலியென்றால் பூட்டை விடு, தூங்கு, எழுந்ததும் மறுபடி பிடி, மறுபடியும் காலியா பார். இந்த இரண்டாவது பார்வையை விடக் கூடாது. ஒரே தரவுக்கு இருவர் எழுந்திருந்தால் ஒருவர் முந்திக்கொண்டிருப்பார். தூங்குவதற்கு முன் ஓ_நான்பிளாக் கொடி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மைனஸ் ஈஅகெய்ன்.

மியூடெக்ஸுக்குப் பதில் ஸ்பின்லாக் (தூங்காமல் சுற்றிக்கொண்டே காத்திருக்கும் பூட்டு) போட்டால் வேகமாக இருக்குமே என்று நினைப்பவர்களுக்கு: காப்பி_டு_யூசர் பக்கப் பிழை நேர்ந்தால் தூங்கக்கூடியது, ஸ்பின்லாக் பிடித்தவர் தூங்கக் கூடாது. நூறு முறை சரியாக ஓடி, நினைவகம் நெருக்கடியான ஒரு நாளில் விழும்.

கேள்வி: ஐஆக்டில் (டிவைஸுக்குத் தனிக் கட்டளை அனுப்பும் அழைப்பு) அழைத்தால் ‘இனப்ராப்ரியேட் ஐஆக்டில் ஃபார் டிவைஸ்’. கட்டளை எண்ணை இரு பக்கமும் ஒரே மாதிரிதான் எழுதியிருக்கிறேன்.

பதில்: எண் அல்ல, ஸ்ட்ரக்ட் மாறியிருக்கும். _ஐஓஆர், _ஐஓடபிள்யூ மேக்ரோக்கள் கட்டளை எண்ணுக்குள்ளேயே ஸ்ட்ரக்ட்டின் அளவை 14 பிட்டில் வைக்கின்றன. அதில் ‘லாங்’ இருந்தால் 32 பிட் நிரலில் 4 பைட், 64 பிட் கெர்னலில் 8 பைட். அளவு மாறியதும் கட்டளை எண்ணே வேறாகி, உங்கள் ஸ்விட்ச் அதை அறியாமல் மைனஸ் ஈநாட்டி (25) திருப்புகிறது. நிலையான அளவுள்ள __யு32, __யு64 மட்டும் பயன்படுத்துங்கள். 32 பிட் நிரல்களும் வரும் என்றால் காம்பாட்_ஐஆக்டில் புலத்தையும் நிரப்ப வேண்டும். திசைப் பெயர்கள் பயனர் பார்வையில்: ‘ஆர்’ என்றால் பயனர் படிக்கிறார், டிரைவர் கொடுக்கிறது.

கேள்வி: ஒவ்வொரு பிழைக்கும் கணினி உறைந்து ரீபூட் செய்ய வேண்டியிருக்கிறது. அனுபவசாலிகள் எப்படிச் சோதிக்கிறார்கள்?

பதில்: தினசரி வேலை செய்யும் கணினியில் ஏற்றுவதில்லை. கெமு மெய்நிகர் கணினியில், 1 ஜிபி நினைவகம் போதும், கன்சோலை சீரியல் வழியாகத் திருப்பிவிட்டு (கெர்னல் கட்டளை வரியில் கன்சோல்=டிடிஒய்எஸ்0, கெமுவுக்கு -நோகிராஃபிக்) ஓட்டுங்கள். உள்ளே கெர்னல் விழுந்தாலும் அதன் கடைசி வார்த்தைகள் உங்கள் டெர்மினலில் நிற்கும். உறைந்த திரையை கைபேசியில் படம் எடுக்க வேண்டியதில்லை.

அந்தக் கெர்னலை நீங்களே கம்பைல் செய்து நான்கு விருப்பங்களை இயக்குங்கள்: கேஏசான், ப்ரூவ்_லாக்கிங், டீபக்_அடாமிக்_ஸ்லீப், டீபக்_கேமெம்லீக். ஓட்டம் மெதுவாகும், கேஏசானின் நிழல் நினைவகம் மட்டுமே எட்டில் ஒரு பங்கு எடுக்கும். பதிலுக்கு, விடுவித்த நினைவகத்தைத் தொட்ட கணமே எந்த ஃபங்ஷனில் என்று கேஏசான் சொல்லும். மேலே சொன்ன ஸ்பின்லாக் பிழையை டீபக்_அடாமிக்_ஸ்லீப் முதல் ஓட்டத்திலேயே பிடித்துவிடும், நெருக்கடி நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். கேமெம்லீக்குக்கு, மாட்யூலை நூறு முறை ஏற்றி இறக்கும் ஒரு ஷெல் சுற்றை ஓட்டி, சில விநாடி விட்டு ஸ்கேன் கொடுங்கள்.

ஊப்ஸ் (கெர்னலுக்குள் பிழை நேர்ந்தால் அது எழுதும் அறிக்கை) வந்தால் பதற வேண்டாம், முதலில் இரண்டே வரிகளைப் படியுங்கள். முதலாவது எந்த முகவரியைத் தொட்டது என்பது. பூஜ்யம் என்றால் நல் சுட்டி. பூஜ்யம் இல்லாமல் ஹெக்ஸ் 10, 18 போன்ற சிறிய எண் என்றாலும் நல்தான். நல் ஸ்ட்ரக்ட் சுட்டியில் அத்தனை பைட் தள்ளியுள்ள புலத்தைத் தொட்டிருக்கிறீர்கள். இரண்டாவது, எங்கே விழுந்தது என்று காட்டும் ஆர்ஐபி வரி: பெட்டி_ரீட்+24/60 என்ற வடிவில் இருக்கும், இவையும் ஹெக்ஸ். ஃபங்ஷனின் மொத்த நீளம் 60-இல் 24-ஆவது பைட்டில் விழுந்தது. கெர்னல் மூலத்தின் ஸ்கிரிப்ட்ஸ் அடைவிலுள்ள ஃபேடர்2லைன் நிரலுக்கு பெட்டி.கேஓவையும் இந்தச் சொல்லையும் கொடுத்தால், டீபக் தகவலோடு கம்பைல் செய்திருந்தால், பெட்டி.சியின் வரி எண் கிடைக்கும்.

ஊப்ஸுக்குப் பிறகும் ஷெல் ஓடுகிறதே என்று அதே அமர்வில் சோதனையைத் தொடராதீர்கள். கொல்லப்பட்ட ப்ராசஸ் பிடித்திருந்த மியூடெக்ஸ் விடுபடவில்லை, மாட்யூலின் எண்ணிக்கை குறையவில்லை. அடுத்து வரும் பிழைகள் எதுவும் உங்கள் புதிய கோடின் பிழைகள் அல்ல. மெய்நிகர் கணினியின் கட்டளை வரியில் ஊப்ஸ்=பானிக் என்று சேர்த்துவிட்டால் அந்த ஆசைக்கே இடமிருக்காது.